லூத்வன் ஐஸில் படுத்தவள்

லூத்வன் ஏரியை ஒரு சுற்றுச் சறுக்கி வர எனக்கு ஒரு கோப்பைப் பிளேன்ரீ ஆறுகிற நேரம்தான் பிடித்தது. எழுபது தாண்டிய வயதில், சேலையோடு, கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, இரண்டு நோர்வேக்காரக் கிழவர்களை முந்திக்கொண்டு போனேன். அவர்கள் நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

சரி, கொஞ்சம் கூடிவிட்டது. சேலை உண்மை. அதற்குள்ளே மருமகனின் கம்பளிக் காற்சட்டை போட்டிருந்ததும் உண்மை. ஆனால் சறுக்கியது நான் அல்ல, நான் குந்தியிருந்த சமையலறைக் கதிரை. அதைத் தள்ளியது அனஸ்ரேசியா. ஏரியைச் சுற்றவும் இல்லை. கரையிலிருந்து இரண்டு பஸ் நீளம் போய்த் திரும்பினோம். கிழவர்கள் தொப்பியைக் கழற்றியது தலையைச் சொறியவாகவும் இருக்கலாம்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எங்கள் ஆட்களில் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தாருங்கோ ரீச்சர் என்று கேட்டு வந்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது ஒரு டொக்டர், இல்லாவிட்டால் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் இருக்கிற எஞ்சினியர். நான் அந்தக் கதிரையைத் தள்ளியவளை எழுதுகிறேன். ஆசைப்பட்ட வேலை தேடி வந்து கையில் விழுந்தபோது அதை வேண்டாம் என்று சொன்ன ஒரு மனுசியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஏன் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவும் இல்லை.

அனஸ்ரேசியா யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை. தகப்பனுக்கு ஒரு வள்ளம் இருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அதைவிடக் கொஞ்சம் தள்ளிக் கோட்டை. கோட்டைக்குள் ஆமி இருந்த காலத்தில் அந்தப் பகுதிச் சனத்தின் காதுகளுக்கு ஒரு தனிப் படிப்பு இருந்தது. ஷெல் விழுகிற சத்தத்தைக் கேட்டு ஓடுகிறவன் பிந்திப் போனவன். அது வெளிக்கிடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். எங்கோ நிலத்துக்கு அடியில் உலக்கை போட்டதுபோல ஒரு ‘டும்’. ‘குத்திட்டான்’ என்று யாராவது சொல்வார்கள். பிறகு ஒரு மூச்சு இழுக்கிற இடைவெளி. அதற்குள் எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் அவர்களைக் கீழே போட்டுப் பெரியவர்கள் மேலே படுக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கமில்லை. அனஸ்ரேசியாவின் தாய் அப்படித்தான் அவளுக்கும் தம்பிக்கும் மேலே விழுந்து படுத்தவ. அன்றைக்கு ஏறின இரும்புத் துண்டொன்று அந்த மனுசியின் முதுகில் இப்பவும் இருக்கிறது. மழைக்கு முதல் நாள் அது உளையுமாம். வானொலியைவிடத் திருத்தமாக மழை சொல்லுவா என்று மகள் பெருமைப்படுவாள்.

தொண்ணூற்றொன்றில் பிலேந்திரனைக் கலியாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்தாள். ஹௌகெருட்டில் எங்களுக்குக் கீழ்வீடு. பிலேந்திரன் பஸ் ஓடுகிறவர். நல்ல மனிதர், வாய்தான் ஓய்வதில்லை. இவள் வந்த அடுத்த மாதமே கந்தோர்களைத் துடைக்கப் போய்விட்டாள். பத்துப் பதினைந்து வருடம் துடைத்தாள். ஒரு நாள் வலது தோள் மேலே எழும்ப மாட்டேன் என்றது. இனித் தும்புத்தடியைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை; நானும் எழுதவில்லை.

அப்போதுதான் என் பேத்தி வர்சா போகிற பார்னஹாகவில், அதுதான் பள்ளிக்கூடத்துக்கு முந்திய வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், வேலை செய்த ஒருவர் சுகமில்லாமல் லீவில் நின்றார். என் மகள் சிறிதேவி சொல்லி அனஸ்ரேசியாவைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். மாரி முழுவதும் ஒழுங்காகச் செய்தால் இளவேனிலில் நிரந்தரமாக்குவதாக அங்கே பொறுப்பாக இருந்த பேரித் சொன்னா. அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அனஸ்ரேசியா தரையில் நடக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது ஜக்கெற்றின் தோளிலே பிள்ளைகளின் மூக்குச்சளி காய்ந்திருக்கும். கழுவினால் போய்விடும் என்பதுபோல அதைத் தடவிப் பார்ப்பாள்.

வேலையில் அவளுக்கு இரண்டு கரைச்சல். பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவாள். அது பிழை என்றா பேரித். விழுந்த பிள்ளை தானாக எழும்ப வேண்டும், நீ கையைப் பொக்கற்றுக்குள் வை என்றா. அனஸ்ரேசியா கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே விரல்களால் தூக்கிக்கொண்டு நிற்பாளாம். அதையும் பழகிவிட்டாள். மற்றது, வியாழக்கிழமைகளில் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். ஏரி உறைந்தால் லூத்வனில் சறுக்கல். ஐஸில் நிற்கத் தெரியாதவளை வைத்து அவர்கள் என்ன செய்வது?

பழைய சந்தையில் ஒரு சோடி ஸ்கேற் வாங்கினாள். எங்கள் பல்கணிக்கு நேர் கீழே பள்ளிக்கூட மைதானம். மாரியில் அதற்குத் தண்ணீர் விட்டு உறைய வைப்பார்கள். வேலைக்குப் போகமுன் அங்கே இறங்கிப் பழகினாள். முதல் நாள் அவள் விழுந்த விழுகையில் மூன்றாம் மாடியில் என் கோப்பி தளும்பியது. அடுத்த நாள் கட்டடத்தில் பாதிச் சனம் எழும்பிவிட்டது. பிலேந்திரன் பல்கணியில் சிகரெட்டோடு நின்று வர்ணனை செய்வார். இஞ்சரும், நீர் ஐஸைத் துடைக்கப் போகேல்லை, எழும்பும் என்பார். அவள் ஒன்றும் பேசாமல் எழும்புவாள். தோளைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள். நத்தாருக்குள் அவள் ஓடத் தொடங்கியிருந்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தகப்பனின் வள்ளத்தில் நின்றதுபோல நிற்பாள். பிலேந்திரன் வர்ணனையை நிறுத்திவிட்டார். பார்க்கும்போது சிகரெட் தானாக எரிந்து முடிந்துவிடும்.

அது யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதையை மூடிய வருடத்து மாரி. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. பேரித்துக்கு அது தெரியாது. எங்கட நோர்வே ஆக்கள் உங்கட நாட்டில சமாதானம் செய்யினம், இப்ப எல்லாம் நல்லமோ என்று ஒரு நாள் அன்பாகக் கேட்டிருக்கிறா. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அனஸ்ரேசியாவுக்கு வாய் வரவில்லை. நல்லம் என்று சொல்லிவிட்டாள்.

நல்லமில்லை. குருநகரில் இருந்த தாய்க்கு அவள் கிழமைக்கொரு தரம் ரெலிபோன் எடுப்பாள். லைன் கிடைப்பதே பெரும்பாடு. தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை கிடைத்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே ரெலிபோனுக்குள் ‘டும்’ என்றது. இவள் கீழ்வீட்டில் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் இருந்துவிட்டாள். தாய் மறுபக்கத்தில், இது எங்களுக்கில்லையடி, இஞ்சையிருந்து போறது, நீ அரிசி விலையைக் கேள் என்று சொன்னவவாம்.

மறுநாள் வியாழக்கிழமை. அந்த மாரி ஏரி பிந்தித்தான் உறைந்தது. ஒரு கிழமையாகக் குளிர் கொட்டியது, ஆனால் பனி விழவில்லை. அப்படி அமைவது அபூர்வமாம். ஏரி முழுவதும் கறுப்புக் கண்ணாடி. குனிந்தால் ஐஸுக்குள்ளே அகப்பட்ட பேர்ச் மர இலைகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். அதற்குக் கீழே இருட்டு. பேரித் துறப்பணத்தால் துளை போட்டுக் கையை விட்டுப் பார்த்தா. ஒரு சாணுக்கு மேலே தடிப்பு. லொறி ஓட்டலாம் என்றாவாம்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் இல்லாத இடத்தைப் பற்றித்தான் எனக்கு நன்றாகச் சொல்ல வரும்.

அனஸ்ரேசியா முதலில் கரையோரம் நின்றாள். கீழே தண்ணீர் இருக்கிற ஐஸில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு வர்சா கையை நீட்டினாள். இருவரும் மெல்ல வெளிக்கிட்டார்கள். மைதானத்தில் நாலு தள்ளுத் தள்ளினால் வேலி வந்துவிடும்; இங்கே வேலி இல்லை. ஒரு தள்ளுக்கு எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனார்கள். இரும்பு ஐஸைக் கீறுகிற சத்தம். வெயில் பைன் மரங்களுக்கு மேலாக அப்போதுதான் வந்திருந்தது. அன்ரி சிரிச்சவ என்று வர்சா பிறகு சொன்னாள். அனஸ்ரேசியா சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆகவே அந்தச் சிரிப்பை நான் நம்புகிறேன், இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்போது ஏரி ‘டும்’ என்றது.

ஐஸ் தடிக்கும்போது அப்படிச் சத்தம் போடுமாம். வெயில் பட்டாலும் போடுமாம். சத்தம் போடுகிற ஐஸ்தான் நல்ல ஐஸாம். நோர்வேக்காரருக்கு அது காகம் கரைகிற மாதிரி; புதிதாக வந்தவளுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மைதான ஐஸுக்கு அடியில் தண்ணீர் இல்லை, அது வாயே திறப்பதில்லை. ஆகவே அனஸ்ரேசியா அதுவரை கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாள், ஆனால் வேறு இடத்தில்.

“படுங்கோ” என்று ஒரு கத்தல். ஒரு கையால் வர்சாவை இழுத்தாள், மறு கையால் பக்கத்தில் வந்த ஊலா என்ற வெள்ளைத்தலைப் பொடியனை இழுத்தாள், இரண்டு பேரையும் கீழே போட்டு மேலே படுத்தாள். மற்றப் பிள்ளைகளையும் எட்டின மட்டும் அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். விசில் வரவில்லை. வெடிக்கவில்லை. ஏரி இன்னொரு தரம் தூரத்தில் முனகிவிட்டு அடங்கியது. பேரித் சறுக்கி வந்து சேர்ந்தபோது ஐஸின் மேல் ஒரு குவியல் கிடந்தது.

அந்தக் குவியலைத்தான் பேரித் அன்று பின்னேரம் சிறிதேவிக்குச் சொன்னா. திரும்பிப் பார்த்தேன், அவ ஐஸில கிடந்தா, பிள்ளையளும் அவவோட குவியலாக் கிடந்தினம் என்று. மிச்சத்தை நான் கட்டிக்கொண்டேன். கட்டுவதற்கு என்ன இருக்கிறது, எங்கள் ஊரில் யாரும் செய்கிறது அதுதானே.

பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த கிழமை முழுவதும் பார்னஹாகவில் அதுதான் விளையாட்டு. கதவு அடிபட்டால் போதும், மஞ்சள் தலையும் செம்பட்டைத் தலையுமாக எல்லாம் “படுங்கோ” என்று கத்தி ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வீடுகளிலும் விழுந்தன. ஒரு தாய் வந்து இது என்ன சொல், எந்தப் பாசை, யார் பழக்கியது என்று கேட்டாள். பிறகு இன்னொரு தகப்பன். பிள்ளையளை வெருட்டுற ஆளை வைச்சிருக்கிறியளோ என்று அவர் கேட்டாராம். பேரித் அனஸ்ரேசியாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டா. இவள் சறுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். விழுந்தவள் ஏன் எழும்பவில்லை என்றா பேரித். இவள் கையைப் பொக்கற்றுக்குள் விட்டாள். யோசித்துச் சொல்லுங்கோ, இல்லையெண்டால் இளவேனிலுக்கு நான் வேற ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று பேரித் சொல்லிவிட்டா. கெட்ட மனுசி அல்ல. அவவிடமும் கேள்வி கேட்கிறார்கள்.

பிலேந்திரன் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் பகிடி ஒன்றும் விடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடுறாளில்லை ரீச்சர், ஸ்கேற்றைக் குப்பைக்குள்ள போட்டிட்டாள், நான் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறன் என்றார்.

நான் சும்மா இருப்பேனா. சிறிதேவியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, அனஸ்ரேசியாவையும் இழுத்துக்கொண்டு பேரித்திடம் போனேன். கோட்டையைச் சொன்னேன். குத்துகிற சத்தத்தைச் சொன்னேன். தாயின் முதுகிலிருக்கிற இரும்பைச் சொன்னேன். பிறகு சொன்னேன், இவள் உங்கட பிள்ளையளை வெருட்டேல்லை, தன்ர உயிரை உங்கட பிள்ளையளுக்கு மேல போர்த்தினவள் என்று. பேரித் மேசையைச் சுற்றி வந்து அனஸ்ரேசியாவைக் கட்டிப்பிடித்து அழுதா. ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றா. அந்தத் தாய் தகப்பன்மாரோடு தானே கதைப்பதாகச் சொன்னா. அந்த இடத்திலேயே, இளவேனில்வரை காத்திருக்காமல், வேலை நிரந்தரம் என்றா.

அனஸ்ரேசியா அந்த அணைப்புக்குள்ளே விளக்குக் கம்பம்போல நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. பேரித் விட்டதும், நான் திங்கள் சொல்லுறன் என்றாள்.

வழி முழுக்க நான் அவளைப் பேசினேன். உனக்கு விசரோ பிள்ளை, கையில தந்ததை வாங்காமல் திங்களோ செவ்வாயோ எண்டு நிக்கிறாய் என்றேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

“ரீச்சர், நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அடக்கம் என்று நினைத்தேன். எங்கள் பெண்களுக்கு யாராவது புகழ்ந்தால் பிடிக்காது, அந்த வருத்தம் என்று நினைத்தேன்.

இடையில் வந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் என் கதவைத் தட்டினாள். கையில் ஸ்கேற். பிலேந்திரன் ஒளித்த இடம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தன்னோடு லூத்வனுக்கு வரமுடியுமா என்று கேட்டாள். தனியப் போகப் பயம் என்றாள். பிலேந்திரனைக் கூப்பிடு என்றேன். அவர் கதைச்சுக்கொண்டிருப்பார் ரீச்சர், எனக்குச் சத்தம் கேக்க வேணும் என்றாள். அப்படித்தான் நானும் கதிரையும் ஏரிக்குப் போனோம். அதற்குள் பனி விழுந்திருந்தது. அந்த இரண்டு கிழவர்களும் பனியைத் தள்ளி ஐஸில் ஒரு பாதை விட்டிருந்தார்கள்.

இரண்டு பஸ் நீளம் தள்ளிக்கொண்டு போனாள். கதிரையை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள். என்னை என்னத்துக்குப் பிடிக்கிறாய், நான்தான் கதிரையில இருக்கிறனே, நிக்கிற நீதான் விழுவாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றோம். கால் விறைத்தது. வழக்கமாக எனக்கு ஒரு கதை வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கனநேரம் ஏரி பேசாமல் கிடந்தது.

பிறகு வந்தது. அனஸ்ரேசியாவின் முழங்கால்கள் இரண்டும் மடங்கின. மடங்கிப் பாதியில் நின்றன. என் கையை நசித்தாள் பாருங்கோ, கையுறைக்கு மேலால் நகம் இறங்கியது. அந்தக் கண்டல் ஒரு கிழமை நின்றது. இரண்டாம் தரமும் வந்தது. அவள் நின்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

“இண்டைக்குக் கையை விடேல்லை, என்ன ரீச்சர்?” என்று கேட்டாள்.

விடேல்லையடி, முறிச்சுப்போட்டாய் என்றேன். இனி ஒரு தடையும் இல்லை, நாளைக்குப் போய் வேலையை ஏற்றுக்கொள்வாள் என்று மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பேரித் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தா. ஐஸுக்கு வரவேண்டாம், உள்ளுக்குள்ளேயே நில்லுங்கோ என்றும் கேட்டா. அதற்கும் மாட்டேன் என்றாள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் சலவைத் துணி மடிக்கிறாள். தோள் பொறுக்கிறதாம். காலையில் எங்கள் கட்டடத்தடியால் பிள்ளைகள் மஞ்சள் மேற்சட்டையோடு வரிசையாகப் போகும்போது அவள் யன்னல் சீலை அசையும். ஒவ்வொரு மாரியும் தனியாக லூத்வனுக்குப் போய்ச் சறுக்குகிறாள். நான் பார்த்திருக்கிறேன், நன்றாகச் சறுக்குகிறாள். ஏன் அந்த வேலையை விட்டாய் என்று நான் நூறு தரம் கேட்டிருப்பேன். வருத்தம் இல்லாத ஒருத்தியை நான் ஏன் கேட்க வேண்டும்? அவளுக்கு வருத்தம் இருக்கிறது. அது சரிவராது ரீச்சர் என்பதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து வந்ததில்லை.

இதுவரை எழுதியதை மலர்க்காரருக்குக் கொடுக்கமுன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் அல்லவா. போன ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் வைத்து வாசித்தேன். அனஸ்ரேசியா சோபாவின் நுனியில் இருந்தாள். வர்சா, இப்போது பள்ளிக்கூடம் போகிற பெரிய மனுசி, நிலத்தில் படுத்துக் கிடந்து தோடம்பழம் தின்றாள். வாசித்து முடித்து, ஏதும் பிழை இருந்தால் சொல்லு பிள்ளை, திருத்துவம் என்றேன். அனஸ்ரேசியா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் திறந்தது வர்சா.

“அம்மம்மா, படுத்தது நீங்கள் எழுதின மாதிரி இல்லை. அன்ரி என்ர கையை விட்டிட்டா. தனியத்தான் படுத்தவ, தலையைப் பொத்திக்கொண்டு. எங்களை அவ பிடிக்கவே இல்லை. அவ நடுங்கினவ, குளிருதாக்கும் எண்டு ஊலா சொன்னான், அதாலதான் நாங்கள் எல்லாரும் அவவுக்கு மேல ஏறிப் படுத்தனாங்கள்.”